கோபம் இருந்த இடம்

ஒடித்துவிட்டார் தில்லைநாயகம். வடிவு புருஷனின் கையைப் பிடிப்பதற்குள் குவியலிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து, கட்டைவிரலால் நுனியை நெம்பி, டப்பென்று ஒடித்து, அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டு, சரிதான் என்று ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டிவிட்டார். கடைக்காரி "மெசியே! மெசியே!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்த ஊர்ச் சந்தையில் காயைத் தொடக் கூடாதாம். கையைக் கட்டிக்கொண்டு நின்று வேண்டியதைச் சொன்னால் அவளே அள்ளிப் போடுவாளாம். சொத்தையைத் தலையில் கட்டினால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றியது வடிவுக்கு, ஆனால் யாரிடம் கேட்பது, மகள் தாட்சாயணி அதற்குள் ஓடி வந்து பிரெஞ்சில் படபடவென்று என்னவோ சொல்ல, கடைக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, மருமகன் பாஸ்தியன் ஒடிந்ததையெல்லாம் பொறுக்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டான். "எங்க ஊர்ல வெண்டைக்காய ஒடிச்சுப் பாக்காம வாங்குனா வீட்டுல சேத்துக்கிட மாட்டாங்கன்னு சொன்னேம்மா" என்றாள் தாட்சாயணி. எல்லோரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. ஏனென்றால் அவள் மனசு வேறொரு கணக்கில் இருந்தது. ஒடித்தது பழைய அத்தான். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவர் வருவதைக் கண்டதும் வெண்டைக்காய்க் கூடைமேல் சாக்கை இழுத்து மூடுவார்கள், அந்த மனுஷர்தான் இப்போது ஒடித்தவர், சந்தேகமில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் செய்கிற ஒவ்வொன்றையும் அவள் இப்படித்தான் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள், இது அவர், இது அவரில்லை, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. ஒடித்தது அவர். காலையில் பேசியது அவரில்லை.

காலையில் என்ன நடந்தது என்றால், பாஸ்தியனுடைய அத்தை வீட்டு மாடியறையில், ஜன்னலுக்கு வெளியே கோதுமை அறுத்த வயல் மஞ்சளாகக் கிடக்க, தில்லைநாயகம் திருநீறு பூசினார். பூசிவிட்டுச் சட்டை போட்டார். பிறகு திருநீறு பூசினார். தலை வாரினார், மறுபடியும் சம்புடத்தைத் திறந்தார். நெற்றியில் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிட்டதை வடிவுதான் முந்தானையால் ஒற்றித் துடைத்தாள், சின்னப் பிள்ளைபோல முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். நின்றபடியே கேட்டார்: "ஏளா வடிவு, இந்த வெள்ளக்காரப் பையன் யாரு? மாமா மாமாங்கான். நல்ல பையனா இருக்கான்." வடிவு கதவைப் பார்த்தாள். மரக்கதவு, கீழே விரல் நுழைகிற இடைவெளி, கீழே அடுக்களையில் மகள் காப்பி போடுகிற சத்தம் கேட்கிறது என்றால் இங்கே பேசுவதும் அங்கே கேட்கும். "தாட்சாவுக்கு வேண்டிய பையன். மெதுவாப் பேசுங்க அத்தான்" என்றாள். "அப்படியா. அவளுக்கு ஒரு நல்ல மாப்பிளையாப் பாக்கணும்ளா. வயசு ஏறிட்டே போவுதுல்லா" என்றார். முந்தாநாள் விமானத்திலும் இதையே சொன்னார், நேற்றுக் காரில் வரும்போதும் வாயைத் திறந்தார், வடிவு தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி அடைத்தாள். வண்டியை ஓட்டியவன் மாப்பிள்ளை. நகரசபையில் கையெழுத்துப் போட்டு, மாலை இல்லாமல், மேளம் இல்லாமல், பெற்றவர்கள் யாரும் இல்லாமல் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவன் பெண்டாட்டிக்கு மாப்பிள்ளை தேடுகிறார் மாமனார். யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள். வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்தை தேவாலயத்தைச் சுற்றிப் போட்டிருந்தது. பெரிய பெரிய மரங்கள், நிழல் பச்சைப் பச்சையாக விழுந்தது, வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. கூடையோடு வந்தவர்கள் வாங்குவதைவிட நின்று பேசுவதுதான் அதிகம், ஒரு கத்தரிக்காய் வாங்க இத்தனை பேச்சா. எங்கோ கோழி வாட்டுகிற வாடை ஒன்று காற்றில் வந்து வந்து போனது. வந்தபோதெல்லாம் தாட்சாயணி சட்டென்று திசையை மாற்றினாள். "அந்தப் பக்கம் வேண்டாம்ப்பா, இங்கன வாங்க, தேன் விக்காங்க." மீன் கடை இருக்கிற சந்து வேண்டாம், கறிக்கடை இருக்கிற தெரு வேண்டாம். இந்தச் சந்தையில் எந்த இடத்தில் எது தொங்குகிறது என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள், அப்பா கண்ணில் படாமல் நடத்திக்கொண்டு போகிறாள். லியோன் நகரத்தில் அவள் வீட்டில் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தட்டு. பிரிட்ஜைத் திறந்து காட்டினாள், வந்த அன்றே, செருப்பைக்கூடக் கழற்றாமல்: "பாருங்கப்பா, முட்டை கூட இல்ல." தில்லைநாயகம் பிரிட்ஜை எட்டிப் பார்த்து, "நல்ல பெருசா இருக்கே" என்றார். அதைக் கேட்டுத் தாட்சாயணி அழுதாள். வடிவுக்கும் அழுகை வந்தது, ஆனால் அது வேறு அழுகை. அந்தப் பிரிட்ஜைக் காட்டியது எதற்கு என்று வடிவுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், யாருக்காகக் காட்டினாளோ அவருக்கு மட்டும் தெரியவில்லை. ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு முன்னால் மகள் போன் செய்து விஷயத்தைச் சொன்ன அன்று இவர் கேட்ட ஒரே கேள்வி அது. சாதியைக் கேட்கவில்லை, சாமியைக் கேட்கவில்லை. "பன்னியும் மாடும் வேகுத சட்டியிலயா எம்மவ சோறு பொங்குதா?" அவ்வளவுதான், போனை வைத்தார். பிறகு நாலு வருஷம் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. வடிவு மச்சில் துணி உலர்த்துகிற சாக்கில் ஒளிந்து ஒளிந்து மகளோடு பேசினாள். முட்டை போட்ட கேக்கை வெட்டிய வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மனுஷர். கல்யாண வீட்டில் எண்ணெய் என்ன எண்ணெய் என்று சமையல்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து இலையில் உட்காருகிறவர். அப்படிப்பட்டவர் ஒரு ஐப்பசி மாதத்துச் சாயங்காலம், மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "ஏளா, தாட்சா ஏன் போனே பண்ண மாட்டேங்கா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் வடிவு வேண்டாத தெய்வம் இல்லை. உடனே மகளை அழைத்துக் கொடுத்தாள். "என்னட்டி, அப்பாவ மறந்துட்டியா?" என்று இவர் கேட்க, அந்தப் பக்கம் மகள் கதறிய கதறல் ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. கோபம் ஆறிவிட்டது என்று வடிவு நினைத்தாள். ஒரு முழு வாரம் நினைத்தாள், பாயசம் வைத்தாள். பிறகு அரிசிப் பானைக்குள் வீட்டுச் சாவி இருந்தது. பிறகு கோயிலுக்குப் போனவரைப் பூக்கடைக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஜங்ஷன் பக்கத்து டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார், இவர் அழகாக ஒரு வட்டம் போட்டு, "மிச்சத்த நீங்க போட்டுக்கிடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. டாக்டர் சிரிக்காததைப் பார்த்த கணத்தில்தான் வடிவுக்குப் புரிந்தது, கோபம் ஆறவில்லை, தொலைந்துபோயிருக்கிறது. சாவி தொலைந்த மாதிரி, கோயில் வழி தொலைந்த மாதிரி, மகள்மேல் இருந்த கோபமும் எங்கேயோ கைதவறி விழுந்துவிட்டது. அதை மகளிடம் எப்படிச் சொல்வது. அப்பாவுக்கு இப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம், அழுவாள், தாங்கிக்கொள்வாள், டாக்டர்களைத் தேடுவாள். ஆனால் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்பாள். அப்படின்னா அப்பா என்னை மன்னிக்கலையா அம்மா? ஊரில் இருக்கும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள், விமானம் இறங்கியதும் சொல்லலாம் என்றிருந்தாள், இப்போது இந்தச் சந்தை முடியட்டும், திங்கட்கிழமை லியோன் போனதும் சொல்லலாம் என்று இருக்கிறாள். திங்கட்கிழமை வந்தால் இன்னொரு கிழமை வரும். எல்லாக் கிழமைக்கும் அவளிடம் ஒரு சாக்கு இருந்தது.

முலாம்பழக் கடையில் கிழவர் ஒருவர் பழத்தைக் கையில் எடுத்து, காம்புப் பக்கம் மோந்து பார்த்து, என்னவோ கேட்டார். "இன்னைக்குச் சாப்பிடவா, நாளைக்கான்னு கேக்காரு" என்றாள் தாட்சாயணி. "மத்தியானத்துக்கா, ராத்திரிக்கான்னு கூடக் கேப்பாரும்மா. அதுக்குத் தக்கன பாத்து எடுத்துத் தருவாரு." தில்லைநாயகத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "யாவாரம்னா இதுல்லா யாவாரம்!" என்று கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய முகம் அப்படி மலர்ந்து வடிவு பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அதுதான் கொடுமை. வியாதி வந்த பிறகுதான் மனுஷர் சிரிக்கிறார், பாராட்டுகிறார், நன்றாகத் தூங்குகிறார், பெண்டாட்டி வைத்த குழம்பை நன்றாக இருக்கிறது என்கிறார். திடமாக இருந்த காலத்தில் ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா. இன்றைக்கா நாளைக்கா என்று கிழவர் இன்னும் பழத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறார், பாஸ்தியன் "மாமா, சொல்லுங்க" என்கிறான், அவனுக்குத் தாட்சா சொல்லிக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான், மாமா, அத்தை, வாங்க, சாப்பிடுங்க, சொல்லுங்க, அதை வைத்துக்கொண்டே அவன் மூன்று நாளாகக் குடும்பம் நடத்துகிறான். தில்லைநாயகம் அவன் தோளில் கை போட்டார். போட்டுக்கொண்டு, கிழவரைப் பார்த்து, தமிழிலேயே, சத்தமாக, "இந்தத் தம்பி தங்கமான பையன். எம்மவளுக்கும் இது மாதிரி ஒரு..." என்று தொடங்கினார். "நாளைக்கு!" என்றாள் வடிவு. குரல் கீச்சென்று வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்குச் சாப்பிடத்தான் வேணும், நாளைக்குன்னு சொல்லுட்டி." தாட்சாயணி அம்மாவை வேடிக்கையாகப் பார்த்தாள். "சரிம்மா, நாளைக்குத்தான், அதுக்கு ஏன் இப்படிக் கத்துத?"

கத்தாமல் என்ன செய்வது. அவர் மறந்தாலும் பயம், அவருக்கு ஞாபகம் வந்தாலும் பயம். மறந்து ஏதாவது உளறினால் மகளுக்குத் தெரிந்துவிடும். ஞாபகம் வந்தால் அதைவிட மோசம். பங்குனி மாதம் அப்படித்தான், இட்லியைப் பிய்த்து வாயில் வைக்கப் போனவர் நிறுத்தி, வடிவை நேராகப் பார்த்து, அந்தப் பழைய குரலில், "அவகிட்டப் பேசுதியோ?" என்றார். போன கரண்ட் குபீரென்று வந்தது மாதிரி முகத்தில் எல்லாம் இருந்தது, நாலு வருஷமும் இருந்தது. இட்லியைத் தின்று முடிப்பதற்குள் அது போய்விட்டது. ஆகவே கோபம் முற்றிலும் போகவில்லை, உள்ளே ஏதோ ஓர் அறையில் பத்திரமாக இருக்கிறது, வழிதான் அவருக்குத் தெரியவில்லை. இந்தச் சந்தையில் ஏதாவது ஒரு வாடை, ஒரு சொல், கோழி வாட்டுகிற அந்தப் புகை, அந்த அறைக் கதவைத் தட்டினால்? நடுச்சந்தையில் நின்று அந்தப் பழைய குரலில் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டுவிட்டால்? வடிவு அவருடைய சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு என்ன அன்னியோன்னியம் என்று தோன்றும். தாட்சாயணிகூட நேற்று அப்படித்தான் சொன்னாள், அப்பாவும் நீயும் இப்பம்தான் ஜோடி மாதிரி இருக்கீங்க என்று.

சீஸ் கடை வந்தது. சின்னச் சின்ன வட்டமாக, உருளையாக, அதிரசம் அடுக்கியதுபோல வைக்கோல்மேல் அடுக்கியிருந்தார்கள், வெள்ளையாக, மஞ்சளாக, சில சாம்பல் நிறத்தில். "இது ஆட்டுப்பால்ல செய்யறது. மேல பூசியிருக்கது சாம்பல்ப்பா, நெசமாவே சாம்பல்" என்றாள் தாட்சாயணி. சொல்லியிருக்கக் கூடாது. சாம்பல் என்ற சொல் காதில் விழுந்ததும் தில்லைநாயகம் செருப்பைக் கழற்றினார். மூன்று விரலை அந்தச் சீஸ்மேல் வைத்து எடுத்து, கண்ணை மூடி, "சிவசிவா" என்று நெற்றியில் குறுக்கே இழுத்தார். வெள்ளைத் திருநீற்றின்மேல் கறுப்பாக மூன்று கோடு. கடைக்காரப் பெண் வாயைப் பிளந்தாள். அதோடு விடவில்லை, ஒரு விரலில் தொட்டு வடிவு நெற்றியிலும் வைத்துவிட்டு, பாஸ்தியனையும் குனியச் சொன்னார், அவன் பயபக்தியோடு குனிந்தான், ஆறடி ஆள். தாட்சாயணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்பா! நீங்க வெளாட்டெல்லாம் காட்டுவியளாப்பா! எனக்குத் தெரியாமப் போச்சே!" வடிவும் சிரித்தாள், சத்தமாக, மகளைவிடச் சத்தமாக, சிரிப்பதற்கு ஒரு விஷயம்தான் இது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமே. "உங்கப்பாவுக்கு இந்த வயசுலதான் குசும்பு" என்றாள். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, சிரிக்கிற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், சந்நிதியில் என்ன சிரிப்பு என்று கேட்கிற பார்வை. வடிவின் நெற்றியில் இருந்த சாம்பலில் லேசாக மோர் வாடை அடித்தது. வடிவு அதைத் துடைக்கவில்லை.

பாஸ்தியன் அந்தச் சீஸை வாங்கிக்கொண்டு, ரொட்டிக் கடை வரிசையில் போய் நின்றான். மாமாவையும் நிழலில் தன்னோடு நிறுத்திக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத் தாட்சாயணி அம்மாவின் கையைப் பிடித்து மேஜைவிரிப்பு விற்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். விரிப்பு வாங்க இல்லை என்பது வடிவுக்கு அந்தப் பிடியிலேயே தெரிந்தது. "அம்மா, ஒண்ணு கேக்கணும். அப்பா எப்படிம்மா மாறினாங்க? என்ன நடந்துச்சு? நீ ஏதும் சொன்னியா, அவுகளா மாறுனாகளா?" வடிவு ஒரு விரிப்பை எடுத்துப் பிரித்தாள். மஞ்சள் பூப் போட்டது. "எத்தன வாட்டிட்டி கேப்ப?" "நீ சொல்லவே இல்லியே. ஒவ்வொரு தடவையும் பேச்ச மாத்திடுத. எனக்கு வேணும்மா அது. நாலு வருஷம் நெதமும் ராத்திரி அப்பாகிட்ட மனசுக்குள்ள பேசியிருக்கேன். இவன் நல்லவன்ப்பா, ஒரு தடவ பாருங்கப்பான்னு. அவுக எந்த நிமிஷத்துல என்னைய மன்னிச்சாகன்னு எனக்குத் தெரியணும்." சின்ன வயசில் கதை கேட்கிற அதே முகம், முடிவு தெரிந்த கதையை மறுபடி மறுபடி கேட்கிற முகம். இப்போது சொல்லிவிடலாம். பக்கத்தில் யாருமில்லை. மஞ்சள் பூவைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். "ஐப்பசி மாசம்" என்று வந்தது. "மழ பெஞ்சு விட்டுருந்துச்சு. காப்பி குடிச்சிட்டு இருந்தாக. திடீர்னு டம்ளரக் கீழ வச்சிட்டு, புள்ளைய விட்டுட்டு இருந்தது போதும்ளா வடிவுன்னாக." முதல் பாதி உண்மை. பின்பாதியை எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் வந்தது, நிற்காமல் வந்தது. "அவ நல்லா இருந்தாச் சரி, அவ வீட்டுச் சட்டி அவளுக்குன்னாக. கண்ணு கலங்கிருச்சு அவுகளுக்கு." தாட்சாயணி விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விற்கிறவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், நல்ல பெண். வடிவு மகள் முதுகைத் தடவினாள். என்ன காரியம் செய்துவிட்டேன், இனிமேல் திங்கட்கிழமை எந்த வாயால் சொல்வேன், சொன்னால் இந்தக் கதையையும் சேர்த்தல்லவா பிடுங்க வேண்டும். நிமிர்ந்து ரொட்டிக் கடையைப் பார்த்தாள். பாஸ்தியன் நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

அவள் ஓடவில்லை. ஓடினால் மகளுக்குத் தெரியும். "நீ கண்ணத் தொடச்சிட்டு வா, நான் அப்பாவப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள், விரிப்புகளைத் தாண்டி, தேன் கடையைத் தாண்டி, பிறகு ஓடினாள். மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ காலைக் கடித்தது. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, எல்லோருக்கும் நரைத்த தலை. அத்தான் என்று கூப்பிட்டால் ஒருவேளை திரும்புவார், ஒருவேளை யாரையோ என்று விட்டுவிடுவார். "அத்தான்!" இரண்டு கிழவிகள் திரும்பினார்கள். ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியாது, வீடு தெரியாது, மகளுடைய போன் நம்பர் தெரியாது, பூக்கடைக்காரர் இங்கே இல்லை. தேவாலயத்து மணி அடிக்க ஆரம்பித்தது, நடுப்பகல், கடைகளைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள், மேஜையும் குடையும் போய்விட்டால் இந்த இடமே வேறு இடமாகிவிடும், விட்ட இடத்தில் நில் என்றால்கூட விட்ட இடம் இருக்காது. கடவுளே, மகளுக்குத் தெரிந்தால் தெரியட்டும், மன்னிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மனுஷர் கிடைத்தால் போதும். அப்படி நினைத்த அதே நொடியில் கண்டாள். கண்டதும் முந்தின நினைப்பு காணாமல் போனது.

தாட்சாயணி காட்டாமல் சுற்றிக்கொண்டு போன தெரு அது. கோடு போட்ட துணிப் பந்தலுக்குக் கீழே பன்றித் தொடைகள் குளம்போடு தொங்கின. சிரிக்கிற பன்றி ஒன்றைப் பலகையில் வரைந்து மாட்டியிருந்தார்கள். மேஜைமேல் காய்ந்த கறிக் குழல்கள், மேலே மாவு பூத்தாற்போல வெள்ளையாக, அடுக்கடுக்காக. மீசைக்காரர் ஒருவர் அதை வில்லை வில்லையாகச் சீவி, கத்தி முனையிலேயே போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் வலது கையைக் குழித்து, இடது கையை அதற்கு அடியில் கொடுத்து, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கினார். வடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். மென்றார். வடிவு போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தபோது முகம் மலரத் திரும்பி, "நல்லாருக்குளா. என்ன கெழங்கு இது?" என்றார். அவர் தலைக்கு மேலே குளம்பு ஆடிக்கொண்டிருந்தது. முட்டைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காத மனுஷர். வடிவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழுவதற்கு நேரமில்லை. பின்னால் பாஸ்தியன் "மாமா! நோ, நோ, மாமா!" என்று ஓடி வந்தான், அவன் பின்னால் தாட்சாயணி.

அவள் பாஸ்தியன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தொங்குவதைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், அப்பாவின் தாடை அசைவதைப் பார்த்தாள். முகம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல அதில் வேறொன்று வந்தது, நம்பப் பயப்படுகிற ஒரு சந்தோஷம், அதைப் பார்க்க வடிவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா" என்றாள் குரலே வராமல். "அது என்னன்னு அப்பாவுக்குத் தெரியுமா?" இதுதான் கேள்வி. வடிவு ஐப்பசியிலிருந்து ஒளிந்துகொண்டிருந்த கேள்வி இந்த வடிவத்தில் வந்து நிற்கிறது. தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும், சுமை இறங்கிவிடும். தில்லைநாயகம் மென்றதை விழுங்கிவிட்டு, "ஏட்டி தாட்சா, இது என்ன கெழ..." என்று ஆரம்பித்தார். "தெரியாம என்ன?" என்றாள் வடிவு. "கண்ணு முன்னால காலு தொங்குது, தெரியாமயா திம்பாக? தெரிஞ்சேதான் தின்னாக. நாங்க ரெண்டு பேரும் ஊர்லயே பேசி வச்சிட்டுத்தான் வந்தோம்." சொல்லிக்கொண்டே மீசைக்காரரிடம் கையை நீட்டினாள். அவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, கத்தி முனையில் தராமல், வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். லேசாக ஈரமாக இருந்தது. சிவப்புக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக. அம்மன் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று ஒரு கணம் யோசித்து, சொல்லாமலே வாயில் போட்டாள். முதலில் உப்பு. பிறகு கொழகொழவென்று ஒன்று நாக்கில் உருகிப் பரவியது, குமட்டல் அடிவயிற்றிலிருந்து எழும்பித் தொண்டையில் வந்து நின்றது. சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், உதட்டைத் திறக்காமல்.

தாட்சாயணி அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நெசமாவே எம்மேல கோவம் இல்லியாப்பா? கொஞ்சங்கூட இல்லியா?" தில்லைநாயகம் அவளை உற்றுப் பார்த்தார். வடிவு மெல்லுவதை நிறுத்தினாள். அந்த முகத்தில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தாள், நெற்றியில் கறுப்பு மூன்று கோட்டுக்குக் கீழே கண் இரண்டும் எதையோ தேடுவதுபோல அலைந்தன, அறை அறையாகப் போய்ப் பார்க்கிறார், திறக்கிறார், மூடுகிறார். "கோவமா?" என்றார் கடைசியில். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "ஒம்மேல எனக்கு என்ன கோவம்ட்டி?" இத்தனை நாளில் இந்தக் குடும்பத்தில் பேசியதிலேயே பொய் கலக்காத பேச்சு அது ஒன்றுதான் என்று வடிவுக்குத் தோன்றியது. தாட்சாயணி அவர் தோளில் சாய்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி பாஸ்தியனும் கண்ணைத் துடைத்தான். தில்லைநாயகம் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார், தடவிக்கொண்டே, பரிவாக, "அழாத. ஒனக்கு ஒரு நல்ல மாப்..." என்றார். வடிவு இன்னொரு வில்லையை வாங்கித் தன் கையாலேயே அவர் வாயில் வைத்தாள். அவர் பேச்சை விட்டுவிட்டு மென்றார், நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். வடிவும் தன் வாயில் இருந்ததை விழுங்கினாள்.